கேள்வி நேரம்: சனிக்கிழமை ஆட்டமும் திங்கட்கிழமை நாளிதழும்

(ஸ்காட்லாந்துக் காற்பந்து பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.)

கேள்வி: ஞாயிறு காலை இங்கே நாளிதழைப் பிரித்தால் ஸ்காட்லாந்து லீக் ஆட்டங்களுக்கு முடிவு மட்டும் ஒரு வரி, சில வாரம் அதுவும் இல்லை. ஏன் இப்படி? – தோ பாயோ வாசகர்

பதில்: முதல் காரணம் நேரம், ஐயா. அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11 மணி ஆட்டம். அது முடியும்போது மணி ஒன்றை நெருங்கிவிடும். விடிவதற்குள் வீட்டு வாசலுக்கு வர வேண்டிய நாளிதழ் அதுவரை காத்திருப்பது கடினம். திங்கட்கிழமைக்குள் செய்தி பழசாகிவிடும், இருக்கிற இடத்தையும் இங்கிலாந்து ஆட்டங்கள் எடுத்துக்கொள்ளும். விரிவாகப் படிக்க வேண்டுமென்றால் கிளாஸ்கோவின் டெய்லி ரெக்கார்ட், ஹெரால்ட், எடின்பரோவின் ஸ்காட்ஸ்மன் ஆகியவற்றின் இணையப் பக்கங்களுக்கு நேராகப் போய்விடுங்கள்.

கேள்வி: நான் கிளாஸ்கோவில் படித்தவள், அந்த ஊர் செல்டிக் குழுவின் ரசிகை. ஸ்காட்லாந்தின் ஞாயிறு இதழில் ஆட்டத்தைப் பற்றிப் படிக்க முடிகிறது. அங்குள்ள திங்கட்கிழமை நாளிதழில் அதே ஆட்டத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, ஆனால் எல்லாம் பயிற்றுவிப்பாளர் சொன்னதுதான். ஆட்டம் எங்கே போனது? – செங்காங் வாசகி

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் இதில் வருத்தம் உண்டு. அங்கே ஞாயிறு இதழும் மற்ற நாட்களில் வரும் நாளிதழும் நெடுங்காலம் தனித்தனி வீடுகளாகவே இருந்தன. சண்டே மெயிலும் டெய்லி ரெக்கார்டும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் சனிக்கிழமை ஆட்டத்தை முதலில் சொல்லும் உரிமை ஞாயிறு இதழுக்கு. அதன் செய்தியாளர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே துண்டு துண்டாக எழுதி அனுப்புவார், இதற்கு ரன்னர் என்று பெயர். இடைவேளைக்குள் முதல் பாதி போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் இரண்டாம் பாதி, கடைசி விசில் ஊதும்போது முதல் பத்தி. 90ஆவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தால் அதுவரை எழுதியதெல்லாம் தலைகீழாகிவிடும், அதை இரண்டே நிமிடத்தில் மாற்றி எழுதுகிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

திங்கட்கிழமை நாளிதழுக்கு வரும்போது முடிவு ஊருக்கே தெரிந்துவிட்டது. புதிதாக எதையாவது தந்தாக வேண்டும். அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளர் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் பேசிவிட்டு, ஞாயிறு இதழ்க்காரர்களிடம் ஒரு முறை, திங்கள் நாளிதழ்க்காரர்களிடம் இன்னொரு முறை என்று தனித்தனியாகப் பேசும் வழக்கம் வந்தது. இரண்டாவது சந்திப்பில் சொன்னதை ஞாயிறு இரவுவரை யாரும் வெளியிடக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். நீங்கள் படிக்கும் அந்த இரண்டு பக்கம் அங்கிருந்துதான் வருகிறது. 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து லீக்குக்கு விஏஆர் (காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவும் முறை) வந்தபிறகு இது இன்னும் கூடிவிட்டது, ஒரு பெனால்டி முடிவைச் சுற்றியே ஒரு முழுப் பக்கம் ஓடுகிறது. என்னைக் கேட்டால், நடுவர் செய்தது சரியா தவறா என்று இரண்டு பத்தியில் சொல்லிவிட்டு, மீதி இடத்தில் அந்தப் பந்து எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று எழுத வேண்டும்.

முன்பு இதைவிட வேகமான ஒன்று இருந்தது, சனிக்கிழமை மாலையே கடைக்கு வரும் விளையாட்டுத் தாள். அபர்டீனில் பச்சைத் தாள், எடின்பரோவில் இளஞ்சிவப்பு. செய்தியாளர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்வார், அது உடனே அச்சுக் கோக்கப் போய்விடும். அதனால் முதல் பாதி நிமிடத்துக்கு நிமிடம் விரிவாக இருக்கும், இரண்டாம் பாதி அவசர அவசரமாக நாலு வரியில் முடிந்துவிடும். ஆனாலும் ரசிகர் வீடு திரும்பும் வழியிலேயே, தான் பார்த்த ஆட்டத்தைப் பத்தி பத்தியாகப் படிக்க முடிந்தது. அந்தத் தாள்கள் நின்றுபோனது பெரிய இழப்பு.

கேள்வி: எங்கு பார்த்தாலும் செல்டிக், ரேஞ்சர்ஸ். மற்ற குழுக்கள் ஆடுவதே இல்லையா? இது பாரபட்சம் இல்லையா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பாரபட்சம்தான், காரணத்தோடு வரும் பாரபட்சம். 1985இல் அபர்டீன் லீக்கை வென்றபிறகு அடுத்த 40 பருவங்களில் இந்த இரண்டைத் தவிர வேறு யாரும் லீக்கை வெல்லவில்லை. செல்டிக் அரங்கில் 60,000 பேர் உட்காரலாம், ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் அரங்கில் 50,000க்கு மேல். நாளிதழை விற்பவருக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் லீக்கில் இருப்பது 42 குழுக்கள், நான்கு பிரிவுகள். 2012இல் நிதி நெருக்கடியில் விழுந்த ரேஞ்சர்ஸ் கடைசிப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதல் லீக் ஆட்டம் வடகிழக்குக் கடற்கரையில், மீன்பிடித் துறைமுகமான பீட்டர்ஹெட்டில். 2–2 சமநிலை. அந்த வாரம் மட்டும் கிளாஸ்கோ செய்தியாளர்கள் பெரும் படையாக அங்கே போய் இறங்கினார்கள். பீட்டர்ஹெட் அதற்கு முந்தைய வாரமும் அதே மைதானத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தது! பெரிய குழு வந்தால்தான் சின்ன ஊர் பத்திரிகையில் தெரிய வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

இந்தக் குறையைத் தீர்ப்பது வட்டார நாளிதழ்கள். அபர்டீனின் பிரஸ் அண்ட் ஜர்னல், டண்டீயின் கூரியர் இரண்டையும் படியுங்கள். டிங்வால் என்பது சில ஆயிரம் பேர் வாழும் ஊர், அதன் ராஸ் கவுண்டி குழுவுக்கு பிரஸ் அண்ட் ஜர்னலில் முழு ஆட்டச் செய்தி கிடைக்கும், லீக்குக்கும் கீழே உள்ள ஹைலண்ட் லீக்குக்கும்கூட இடம் உண்டு. யார் பந்தைத் தடுத்தார், யார் களைத்துப்போனார் என்றெல்லாம் எழுதுவார்கள். செய்தியாளர் வாராவாரம் அதே குழுவைப் பார்ப்பவர், அதனால் எழுத முடிகிறது.

கேள்வி: ஒரு குழு 36 கோல் போட்டதாக நண்பர் சொல்கிறார். கதையா? – பிடோக் வாசகர்

பதில்: உண்மை. 1885 செப்டம்பர் 12, ஸ்காட்டிஷ் கிண்ண ஆட்டம், அர்பிரோத் 36, பான் அக்கார்ட் 0. அதே நாளில் டண்டீ ஹார்ப் குழு 35–0 என்று வென்றது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான், விளையாட்டுச் செய்தியாளராக ஆசை. எங்கே தொடங்குவது? – ஈசூன் வாசகி

பதில்: ஜாலான் புசார் அரங்கில் சிங்கப்பூர் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள், அம்மா. நிமிடத்தையும் நடந்ததையும் குறித்துக்கொள்ளட்டும், கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். விசில் ஊதிய பத்து நிமிடத்துக்குள் தமிழில் 200 சொல் எழுத வேண்டும், முதல் பத்தியில் முடிவும் அந்த முடிவு ஏன் வந்தது என்பதும் இருக்க வேண்டும். பிரிட்டனின் மிகச் சிறந்த விளையாட்டு எழுத்தாளர்களில் ஒருவரான ஹியூ மெக்கில்வானி கில்மார்நாக் என்ற ஊரில் பிறந்து, அந்த ஊர் வார இதழில்தான் வேலையைத் தொடங்கினார். மகன் எழுதும் முதல் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் குறிப்பு எழுதி அனுப்புகிறோம்.