கழிவுநீரிலுள்ள உலோகத்தை மிதக்கவிட்டுச் சுத்திகரிக்கிற தொழில்: மகள் படிக்கலாமா?

முல்லைத்தீவிலிருந்து கேட்ட அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, இரசாயனவியலில் கெட்டிக்காரி. கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் போகப்போகிறேன் என்கிறா. "இவ்வளவு படிச்சுப்போட்டு வாய்க்கால் துப்புரவாக்கவோ?" என்று கேட்டிருக்கிறீங்கள். இல்லை அம்மா. இது இரசாயனவியலும் இயந்திரமும் சேர்ந்த வேலை.

மின்முலாமிடும் தொழிற்சாலையில் கழுவி வருகிற நீரில் செம்பு, நாகம் (சிங்க்), நிக்கல், குரோமியம் எல்லாம் கரைந்தே இருக்கும். எந்த வடியும் அதைப் பிடிக்காது. கரைந்ததை முதலில் திண்மமாக்க வேண்டும். மஞ்சள் நிற ஆறு வலுவளவுக் குரோமியம் அப்படியே வீழ்படியாது; அதனால் பி.எச். (அமில, கார அளவு) 2 முதல் 3 வரை வைத்து, சோடியம் மெற்றாபைசல்பைற்று போட்டு மூன்று வலுவளவுக்கு இறக்குவார்கள். நீர் பச்சையாகும். பிறகு எரிசோடாவோ சுண்ணாம்போ சேர்த்து பி.எச்.ஐ ஏற்ற, ஐதரொட்சைட்டு வீழ்படிவு வரும். துணிக்கைகளை ஒட்டவைக்கிற பொலிமர் கொஞ்சம் சேர்த்து மெதுவாகக் கலக்கினால் திரளும்.

அந்தத் திரள் இலேசானது, அடியில் படிய நேரமெடுக்கும். அதனால்தான் மிதக்கவிடுகிறார்கள். சுத்திகரித்த நீரில் 10 முதல் 30 வீதத்தைத் திருப்பியெடுத்து, 4 முதல் 6 பார் அமுக்கத்தில் காற்றைக் கரைத்து, வால்வு வழியாகத் தொட்டிக்குள் விடுவார்கள். சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்றுக்கும் சின்னக் குமிழிகள் கிளம்பி, திரளில் ஒட்டி மேலே தூக்கும். மேலே சேருகிற கசடை வழிப்பான் வழித்தெடுக்கும்.

பிழைக்கிற இடங்களில்தான் படித்த பிள்ளைக்கு மதிப்பு. காரம் கூடப் போட்டால் கூடத் தெளியும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குரோமியமும் நாகமும் ஈரியல்புடையவை, அதாவது அவற்றின் ஐதரொட்சைட்டு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும்; பி.எச். மிஞ்சினால் திரும்பக் கரைந்துவிடும். குரோமியத்துக்கு 8.5 அளவில் போதும், நிக்கலுக்கு 10 வரை வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் பிடிக்கப் பார்த்தால் ஏதோ ஒன்று தப்பும். அமோனியாவோ, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற ஈ.டி.ரி.ஏ. என்ற இரசாயனமோ கலந்து வந்தால் செம்பு அதோடு பிணைந்து சிக்கல் அயனாகி, எவ்வளவு காரம் போட்டாலும் வீழ்படியாது. திரண்ட பிறகு வேகமான பம்பியால் இழுத்தால் திரள் உடையும். சுண்ணாம்பு படிந்து வால்வு அடைத்தால் குமிழி பெருக்கும். பெரிய குமிழி திரளைத் தூக்காமல் குலைக்கும். இதை அறிய, காற்றுக் கரைத்த அமுக்க நீரை ஒரு அளவுச்சாடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். சில நிமிடம் பாலாக நின்றால் சரி. சட்டென்று தெளிந்தால் காற்றுக் கரையவில்லை, கொம்பிரசரையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

திண்மமாக்காமலே அயனைச் சவர்க்காரம் போன்ற சேர்பொருளோடு பிணைத்து நுரையில் எடுக்கிற முறையும் உண்டு; 1959இல் செபா என்பவர் முன்வைத்தது. சேர்பொருள் செலவு கூட என்பதால் தொழிற்சாலையில் அதிகம் இல்லை. ஆய்வுக்கு நல்ல தலைப்பு.

இனி வழி. இரசாயனப் பொறியியல் மொறட்டுவையிலும் பேராதனையிலும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் அந்தத் துறை இல்லை. ஆனால் அங்கே குடிசார் பொறியியல் படித்து, சுற்றாடல் பொறியியலை மேற்படிப்பாகத் தொடரலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எட்டாவிட்டால் விஞ்ஞானப் பட்டத்தில் இரசாயனவியலைச் சிறப்பாகப் படித்து ஆய்வுகூடப் பக்கம் போகலாம். பம்பி, வால்வு, மின்பலகை பிடிக்கும் என்றால் அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. இயந்திரமும் மின்னும் தெரிந்த ஆளைத் தேடாத சுத்திகரிப்பு நிலையம் இல்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. வன்னியில் இந்த வேலை இன்று குறைவு. பியகம, கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயப் பக்கம் போகவேண்டி வரலாம், இரவு முறையும் வரும். சிங்களம் பேசப் பழகட்டும்.

மகளுக்குத் தொய்வு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மெற்றாபைசல்பைற்று அமிலத்தில் படும்போது கந்தகவீரொட்சைட்டு வாயு கிளம்பும், தொய்வுக்காரருக்கு அது ஆகாது. அப்படியென்றால் தொட்டிப் பக்கத்தை விட்டு வடிவமைப்பு அல்லது ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கைப் போடுவதற்கு முன்பே இதை வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.