குஞ்சு கூட்டில், இரை நடுக்கடலில்

கேள்வி: கடற்பறவைகள் குஞ்சை விட்டுவிட்டு இரை தேடி எவ்வளவு தூரம் போகும்? அதுவரை குஞ்சு பட்டினியா?

பதில்: இனத்தைப் பொறுத்தது. பல ஆலாக்கள் கரையை ஒட்டியே மீன் பிடித்து, பெரும்பாலும் ஒவ்வொன்றாக அலகில் கொண்டுவந்து ஊட்டும். பக்கத்தில் மீன் குறைந்தால் திண்டாட்டம்தான். பஃபின் கெட்டிக்காரப் பறவை, பல சிறு மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு வரும். ஆல்பட்ராஸ் கதையே வேறு: ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கூடச் சுற்றும், தின்ற இரையில் ஒரு பகுதியை வயிற்றிலேயே எண்ணெயாக்கிச் சுமந்து வரும், எடை குறைவு, சத்து அதிகம், குஞ்சும் அதைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் தாங்கும். சில இனங்கள் குஞ்சுக்காகக் கிட்டத்தில் சில குறும்பயணங்கள், அப்புறம் தங்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒரு நெடும்பயணம் என்று மாற்றி மாற்றிப் போகும். பெற்ற பறவை மிகவும் இளைத்துப்போனால் குஞ்சைக் கைவிடுவதும் உண்டு; கொடுமைதான், ஆனால் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய பறவை அடுத்த பருவத்தில் மறுபடி முட்டையிடலாமே.