வாஷிங்டன் கொடுத்த செலவுக் கணக்கு

கேள்வி: அமெரிக்கப் புரட்சிப் போரில் வாஷிங்டன் சம்பளமே வாங்காமல் படையை நடத்தினார் என்று படித்தேன். சம்பளத்தை விட்டுவிட்டு, செலவுக் கணக்கு எழுதி அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டார் என்கிறார் என் நண்பர். எது சரி?

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வது சரி, ஆனால் அதை வைத்து வாஷிங்டன் லாபம் பார்த்தார் என்று முடிவுகட்டுவது தவறு. 1775 ஜூனில் படைத்தலைமையை ஏற்றபோது, காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை) தருவதாகச் சொன்ன மாதம் 500 டாலரை வேண்டாம் என்றார் வாஷிங்டன். செலவுக்குச் சரியாகக் கணக்கு வைக்கிறேன், அதை மட்டும் கொடுங்கள் போதும் என்றார். அப்புறம் எட்டு வருடப் போர். அந்தக் கணக்கு அவருடைய சாப்பாட்டுச் செலவு மட்டுமில்லை. உதவி அதிகாரிகள், விருந்தினர்கள், பயணம், உளவு என்று ஒரு தலைமையகமே அதில்தான் ஓடியது.

உளவு என்றதும் ஒரு வரி ஞாபகம் வருகிறது. 1775 ஜூலையில், பிரிட்டிஷார் பிடியில் இருந்த பாஸ்டன் நகருக்குள் போய் ரகசியத் தொடர்பு ஏற்படுத்த ஒருவருக்கு 333 1/3 டாலர் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஆளின் பெயர் இல்லை. பெயரை எழுதினால் அந்த ஆளின் உயிருக்கே ஆபத்து. உளவாளியிடம் ரசீது கேட்க முடியுமா? போர்க்காலக் கணக்கில் இதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். நேர்மையான செலவுக்குக்கூடச் சில நேரம் காகிதம் இருக்காது.

1783இல் கணக்கைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கருவூல அதிகாரிகள் வரிவரியாகப் பார்த்தார்கள். கடைசியில் கிடைத்த வித்தியாசம் ஒரு டாலரில் 90இல் 89 பங்கு (அன்று பென்சில்வேனியாவில் ஒரு டாலருக்கு ஏழரை ஷில்லிங், அதாவது 90 பென்னி). அதுவும் அவர் கூடுதலாகக் கேட்ட காசு இல்லை, அவருக்குச் சேரவேண்டியதில் விட்டுப்போனது. கையிலிருந்து போட்ட பணத்தில் நிறைய, வேலை நெருக்கடியில் எழுத மறந்து போயிருக்க வேண்டும், எனக்கு நஷ்டம்தான் என்று அவரே குறித்திருக்கிறார்.

கேள்வி: மனைவி வந்துபோன செலவையும் அரசிடம் கேட்டாராமே? அது நியாயமா?

பதில்: கேட்டார், 1,064 பவுண்டு 1 ஷில்லிங். குளிர்கால முகாம்களுக்கு மார்த்தா வந்து திரும்பிய செலவு அது. சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போய்வரலாம் என்றிருந்தவர் போரால் போக முடியாமல் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார், அதனால் மனைவி வந்த செலவைக் கேட்கலாம் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. மறைத்து வேறு தலைப்பில் போடவில்லையே.

கேள்வி: மற்ற அதிகாரிகளின் கணக்கும் இப்படிச் சுலபமாக பைசல் ஆனதா?

பதில்: இல்லை. பெனடிக்ட் ஆர்னால்டைப் பாருங்கள். 1775இல் மெய்ன் காடுகள் வழியாக கியூபெக்குக்குப் படை நடத்தி, அங்கே காலில் குண்டடி பட்டவர். சொந்தப் பணம் போட்டேன், காகிதங்கள் போரில் தொலைந்துவிட்டன என்றார். 1780இல் காங்கிரஸ் தரப்பில் வந்த முடிவு, அவர்தான் சுமார் 1,000 பவுண்டு பாக்கி தரவேண்டும் என்பது. அதே வருடம் செப்டம்பரில் பிரிட்டிஷாரிடம் போய்விட்டார். கணக்குத் தகராறு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், துரோகம் துரோகம்தான். ஆனால் அந்தக் கசப்பு இருந்தது நிஜம்.

என்னை அதிகம் வருத்துவது நத்தானியல் கிரீனின் கதை. தெற்குப் படையின் தளபதி. உடுக்கத் துணியில்லாமல் நின்ற வீரர்களுக்குச் சரக்கு வாங்க ஜான் பேங்க்ஸ் என்ற ஒப்பந்தக்காரருக்குத் தானே ஜாமீன் நின்றார். காங்கிரஸின் காகிதப் பணத்தை யாரும் மதிக்காத காலம் அது, 1780இலேயே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அதன் மதிப்பைக் குறைத்துவிட்டிருந்தார்கள், கடன் கொடுப்பவர்கள் தளபதியின் கையெழுத்தைத்தான் நம்பினார்கள். பேங்க்ஸ் கடனை அடைக்காமலே இறந்துபோக, கடன்காரர்கள் கிரீன் பக்கம் திரும்பினார்கள். போருக்குப் பிறகு ஜார்ஜியா அரசு கொடுத்த பண்ணையில் குடியேறியவர், இந்தக் கடன் தீராமலே 1786இல், 43 வயதில் இறந்தார்.

அவர் மனைவி கேத்தரின் விடவில்லை. கணவர் நாட்டுக்காகப் பட்ட கடன் இது என்று காங்கிரஸிடம் மனு கொடுத்து, காகிதங்களைக் காட்டி, வருடக்கணக்கில் போராடினார். 1792இல் 47,000 டாலர் ஈட்டுத்தொகை கொடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதில் கையெழுத்துப் போட்டவர், அப்போது ஜனாதிபதியாக இருந்த வாஷிங்டன்.