ரோடோடென்ட்ரான்: இலை செழிக்கிறது, பூ எங்கே?

கேள்வி: எங்கள் தோட்டத்து ரோடோடென்ட்ரானுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. முதல் ஏழெட்டு வருடம் இலையே தெரியாத அளவுக்குப் பூத்தது. கடந்த மூன்று வசந்தமாக இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து கொத்துதான். இலை மட்டும் கரும்பச்சையாய்த் தளதளவென்று நிற்கிறது. புல்தரைக்கு உரம் போடும்போது இதன் தூரிலும் ஒரு கை போடுகிறேன். இலையுதிர் காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்கையில் இதையும் வெட்டி ஒழுங்கு பண்ணிவிடுவேன். இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: இன்னும் எதுவும் வேண்டாம். இப்போது செய்வதில் இரண்டை நிறுத்துங்கள், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

முதலில் நிறுத்த வேண்டியது அந்த இலையுதிர்காலக் கவாத்து. வசந்தத்தில் விரியும் பூவை இந்தச் செடி முந்தைய கோடையிலேயே தயார் செய்து வைத்துவிடும். பூ முடிந்ததும் கிளைநுனியில் புதுத் துளிர் கிளம்பி, நீண்டு, முற்றும். முற்றிய துளிரின் உச்சியில் மொட்டு கட்டும். குளிர்காலம் முழுக்க அது செதில் மூடியபடி காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் நுனியை வெட்டி வடிவம் கொடுத்தால், வெட்டித் தள்ளியது வரும் வருடத்துப் பூவை.

நம்பிக்கை வராவிட்டால் குளிர்காலத்தில் தடித்த மொட்டு ஒன்றைக் கிள்ளி, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையில் குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து அடுக்கியிருக்கும். ஒல்லியாய்க் கூர்மையாய் இருப்பது இலைமொட்டு. அதைப் பிளந்தால் சுருண்ட இலைதான் தெரியும். இந்த இரண்டையும் கண்ணால் பிரித்தறியப் பழகிவிட்டால் அப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வெட்ட வேண்டுமென்றால் பூ வாடிய கையோடு வெட்டுங்கள், கிளையைச் சுற்றி இலைகள் வட்டமாக நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே. அதே நேரத்தில் வாடிய கொத்துகளையும் எடுத்துவிடலாம்; விதைக்குப் போகும் சத்து துளிருக்குப் போகும். கத்தரி வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். கொத்தின் காம்பை அடியில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்கினால் ‘டக்’கென்று உடையும். அதற்கு நேர் கீழேதான் புதுத் துளிர்கள் முளைவிட்டிருக்கும், அவை ஒடிந்தால் செய்த வேலை வீண். கை பிசுபிசுவென்று ஒட்டும். செடி பெரிதாக இருந்தால் எட்டுகிற உயரம் வரை செய்தால் போதும், இதற்காக ஏணி வைத்து ஏறச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, உரம். புல்தரை உரத்தில் தழைச்சத்துதான் பெரும்பங்கு. தளதளப்புக்கு அதுவே காரணம். இலை வளர்க்க வாய்ப்பிருக்கும்வரை செடி மொட்டுக்கு அவசரப்படாது. அமில மண் செடிகளுக்கென்று விற்கும், மெதுவாகக் கரையும் உரத்தை வருடத்துக்கு ஒருமுறை, பூ முடிந்ததும், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போடுங்கள். கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பும் விறகுச் சாம்பலும் கிட்டவே வரக்கூடாது. இதற்குப் பிடித்த மண்ணின் பி.ஹெச். (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை. அதைத் தாண்டினால் இரும்புச்சத்து எடுக்க முடியாமல், புது இலையில் நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாக மாறும். உங்கள் செடி கரும்பச்சை என்பதால் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

நீங்கள் சொல்லாத ஒன்று தண்ணீர். மொட்டு கட்டும் கோடைப் பிற்பகுதியில் வேர் காய்ந்தால் மொட்டு கட்டாது, கட்டினாலும் வசந்தத்தில் விரியாமல் உதிரும். இதன் வேர் தலைமுடிபோல் மெல்லியது, மேல்மண்ணிலேயே பாய்போலப் படர்ந்திருக்கும், ஆகவே சீக்கிரம் காயும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழும் உலர்ந்திருந்தால் ஆற அமர நிறைய ஊற்றுங்கள். மழைநீர் இருந்தால் உத்தமம், கடினநீரில் சுண்ணாம்பு கலந்திருக்கும். பைன் ஊசியிலை, மரப்பட்டைத் துண்டு, இலைமட்கு எதையாவது ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம் விட்டுவிடுங்கள். அடியில் களைக்கொத்து போடவே கூடாது. புல்லும் தூர் வரை வளரவேண்டாம். தண்ணீருக்குப் போட்டியாக நிற்கும்.

நிமிர்ந்து மேலேயும் பாருங்கள். பன்னிரண்டு வருடத்தில் சுற்றியுள்ள மரங்களும் வளர்ந்திருக்கும். இது நிழல் பிரியன் என்று பெயர் எடுத்த செடிதான், ஆனால் அது கேட்பது சல்லடை நிழல். கருநிழலில் உயிரோடு இருக்கும், பூக்காது. மேலேயுள்ள மரத்தில் நாலு கிளையை எடுத்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள்.

மொட்டு நிறைய இருந்தும் விரியவில்லை என்றால் கதை வேறு. பழுப்பேறிய மொட்டின் மேல் குண்டூசித் தலை வைத்த கறுப்பு மயிர்போல் நீட்டிக்கொண்டிருந்தால் அது மொட்டுக் கருகல் என்ற பூஞ்சை நோய். பச்சையும் ஆரஞ்சுக் கோடுமாய் இருக்கும் ஒரு தத்துப்பூச்சி மொட்டில் முட்டையிடக் கீறும் இடம் வழியாகப் பூஞ்சை நுழைவதாகக் கருதப்படுகிறது. அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மயிர் எதுவும் இல்லாமல் உள்ளே மட்டும் கருகியிருந்தால் பெரும்பாலும் உறைபனியின் வேலை.

ஒட்டுச்செடி என்றால் தூரிலிருந்து வேறுமாதிரி இலையோடு போத்து வருகிறதா என்றும் கவனியுங்கள். அது வேர்ச்செடியின் போத்து, விட்டால் மேல்செடியை அமுக்கிவிடும். வெட்டாமல், கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். இன்னொன்று: கழித்த இலை, கிளை எதையும் ஆடுமாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், நஞ்சு.

போன இலையுதிர் காலத்திலும் வெட்டியிருக்கிறீர்கள் என்றால் வரும் வசந்தம் சுமாராகத்தான் இருக்கும், அதற்கு அடுத்ததுதான் கணக்கு. அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் இந்த இலையுதிர் காலத்தில், கத்தரியை உள்ளே வைத்துவிட்டு, செடியைச் சுற்றி வந்து தடித்த மொட்டுகளை எண்ணிப் பாருங்கள்.