பாலாற்று மணலில் இடி விழுந்தால் கண்ணாடி ஆகுமா?

ஆகும். குடியாத்தம் பக்கம் ஆற்றங்கரையில் பச்சையாகப் பளபளக்கும் கட்டி கிடைத்தது, அது இடி விழுந்த மணலா என்று கேட்டிருந்தீர்கள்.

மணலில் உள்ள குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, உருக ஏறக்குறைய 1,700 டிகிரி வேண்டும். செங்கல் சூளையில் 1,000 டிகிரி வாக்கில்தான் இருக்கும். மின்னல் பாயும் பாதையோ 30,000 டிகிரி வரை போகும். மணல் நொடிக்குள் உருகி, படிகமாக நேரமில்லாமல் அப்படியே உறைந்துவிடும். அந்தச் சிலிக்கா கண்ணாடிக்கு லெஷாட்டலியரைட் என்று பெயர்.

அது கட்டியாக இருக்காது, குழாயாக இருக்கும். வெளியே மணல் ஒட்டிய சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு, நடுவே துளை. பார்க்க மரவேர் மாதிரி. உங்களுடையது துளையில்லாத பச்சைக் கட்டி என்றால் சூளைச் சிட்டமாகவோ பாட்டில் கண்ணாடியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், பாலாற்று மணலில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறொரு கனிமமும் கலந்திருக்கிறது. அதனால் இங்கே உருவாகும் கண்ணாடி சுத்தமான சிலிக்காவாக இருக்காது. சுத்தமானது என்றால் லிபியப் பாலைவனக் கண்ணாடிதான்: சுமார் 98% சிலிக்கா, வயது ஏறக்குறைய 2.9 கோடி ஆண்டுகள். விண்கல் வெப்பத்தில் உருவானது. பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் மார்பணியில் உள்ள மஞ்சள் வண்டு அந்தக் கண்ணாடியில் செதுக்கியதுதான்!