ஒலிம்பிக் முடிந்ததும் அரங்கம் பூட்டிக் கிடக்காமல் இருக்க என்ன வழி?

பின்னாளில் யார் புழங்கப்போகிறார்கள் என்பதை வரைபடம் போடும்போதே முடிவுசெய்ய வேண்டும். லண்டன் 2012 நீச்சல் அரங்கில் 17,500 இருக்கைகளில் பெரும்பகுதி இருபுறமும் ஒட்டவைத்த தற்காலிகச் சிறகுகளில் இருந்தது. போட்டி முடிந்ததும் அவற்றைக் கழற்றிக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள், மிஞ்சியது 2,500. குளத்தின் தரையை ஏற்றி இறக்கலாம், நகரும் தடுப்பால் நீளத்தைக் குறைக்கலாம். அதனால் குழந்தைகள் வகுப்பும் வீரர்கள் பயிற்சியும் ஒரே நேரத்தில் நடக்கும். 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தது, அக்கம்பக்கத்துக் குளங்களின் கட்டணத்திலேயே.

பக்கத்து முதன்மை அரங்கில் அந்தத் தெளிவு இல்லை. தடகளத்துக்குக் கட்டியதைப் பிறகு கால்பந்துக்கு மாற்ற, புதுக் கூரை, ஓடுதளத்தின் மேல் நகரும் இருக்கைகள் என்று 32.3 கோடி பவுண்டு போனது. அந்த இருக்கைகளை நகர்த்தும் செலவு வேறு, மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு!