யாரோடு யார் நின்றார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் மெட்டல் இசை பற்றி எழுதிய கட்டுரைகள் வழியாகத்தான் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் பக்கம் வந்தேன். ஒரு கட்டுரையில், உங்கள் அலமாரியில் வழக்கமான ஆல்பங்களைவிட, பல பேண்டுகளின் பாட்டைச் சேர்த்துப் போடும் தொகுப்பு ஆல்பங்களும் ட்ரிப்யூட் ஆல்பங்களும், ரசிகர்களே நடத்திய சிறுபத்திரிகைகளான பழைய ஃபேன்ஸைன்களின் மறுபதிப்புகளும்தான் அதிகம் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதிலிருந்து ஒரு குழப்பம். தொகுப்பில் இருக்கும் பாட்டெல்லாம் இன்று இணையத்தில் தனித்தனியாகக் கிடைக்கிறது. ட்ரிப்யூட் என்பது அடுத்தவர் பாட்டை அரைகுறையாகத் திரும்ப வாசிப்பது. மறுபதிப்போ ஒரிஜினலும் இல்லை, புதுப் புத்தகமும் இல்லை. இவற்றைச் சேர்ப்பது வெறும் பொருள் மோகம்தானே? என் நண்பன் இதை "பழைய பேப்பர் வியாபாரம்" என்கிறான்.

இன்னொன்று. பழைய பேட்டிகளில் சில பேண்டுகள் பேசிய இனவெறிப் பேச்சையெல்லாம் அப்படியே மறுபடி அச்சடிப்பது சரியா? இதையெல்லாம் மீறி ஒருவன் சேர்க்க ஆரம்பிப்பதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பொருள் மோகம் இல்லாமல் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. அதை மறைத்துக்கொண்டு "ஆவணப்படுத்துகிறேன்" என்று பீற்றிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் பாட்டெல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறதே என்ற உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். தனித்தனியாகக் கிடைப்பதுதான் அதில் குறையே.

1982-ல் பிரையன் ஸ்லேகல் 'மெட்டல் மாசகர்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது அவர் பெரிய லேபிள் (இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம்) முதலாளி இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை, கூடவே கைக்காசு போட்டு நடத்திய ஒரு ஃபேன்ஸைன். ஊரில் வாசித்துக்கொண்டிருந்த மெட்டல் பேண்டுகளைப் பதிவுசெய்ய யாரும் வராததால் அவரே இறங்கினார். மெட்டல் பிளேட் லேபிள் அந்தத் தொகுப்பிலிருந்துதான் பிறந்தது. டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சிடம் அப்போது பேண்டே கிடையாது. "நான் ஒன்று ஆரம்பித்தால் எனக்கு இடம் தருவீர்களா?" என்று முன்பதிவு செய்துவிட்டுப் போய், பிறகுதான் ஆள் பிடித்தார். மெட்டாலிகா முதன்முதலில் இசைத்தட்டில் ஏறியது அப்படித்தான்.

முதல் பதிப்பின் உறையில் பேண்டின் பெயரிலேயே ஒரு 'டி' கூடுதலாக விழுந்திருக்கிறது. அந்தப் பதிப்பில் 'ஹிட் த லைட்ஸ்' பாட்டுக்கு லீட் கிடார் வாசித்தவர் லாய்ட் கிராண்ட். அடுத்த பதிப்பை வாங்கினால் பாட்டு அதேதான், பதிவு வேறு. டேவ் மஸ்டேன் கிடார், ரான் மெக்கவ்னி பேஸ். ஸ்டீலர் பேண்டின் பாட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பிளாக் அன் ப்ளூவைப் போட்டிருப்பார்கள். பின்னாளில் மெட்டாலிகா ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி கேலி செய்த ராட் பேண்டும் இதே தட்டில்தான் இருக்கிறது. ஒரே மேடை, ஒரே கூட்டம். பகை எல்லாம் பிற்பாடு வந்தது. 'ஹிட் த லைட்ஸ்' பாட்டை மட்டும் இணையத்தில் கேட்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

தொகுப்பு ஆல்பம் என்பது ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ. யார் பெரிய ஆளாக வருவார்கள் என்று தெரியாத நாளில் எல்லோரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் பிறகு வந்து ஜெயித்தவர்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், பெர்லினின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் 1984-ல் வெளியிட்ட தொகுப்பு. தலைப்பே 'டெத் மெட்டல்' என்பதுதான். உள்ளே நான்கு பேண்டுகள்: ஹெல்ஹாமர், ரன்னிங் வைல்ட், ஹெலோவீன், டார்க் அவெஞ்சர். சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர் அந்த ஆண்டே கலைந்து, அதிலிருந்த டாம் வாரியரும் மார்ட்டின் ஐனும் செல்டிக் ஃப்ராஸ்டைத் தொடங்கினார்கள். ஹெலோவீன் பவர் மெட்டலின் மூலவர்களில் ஒன்றாகிவிட்டது. ரன்னிங் வைல்ட் கடற்கொள்ளையர் கதைகளைப் பாடப் போய்விட்டது. இன்று ஹெலோவீனை 'டெத் மெட்டல்' என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அன்றைக்கு அந்த வேலி இன்னும் போடப்படவில்லை. அதைச் சொல்ல நூறு பக்கக் கட்டுரை வேண்டாம், இந்த ஒரு தட்டு போதும்.

அதே ஆண்டு ஸ்வீடனில் 'ஸ்கேண்டிநேவியன் மெட்டல் அட்டாக்' வந்தது. பாத்தரி பேண்ட் முதன்முதலில் வெளிப்பட்டது அதில்தான். தொகுப்பைக் கேட்டுவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாத்தரியைப் பற்றியே இருந்ததால், லேபிள்காரர் அந்த பேண்டின் தலைவர் குவார்த்தனைக் கூப்பிட்டு முழு ஆல்பம் கேட்டார். முன்பின் தெரியாத ஆட்கள் போட்ட தபால்தான் அந்த முதல் ஆல்பத்துக்கு வழிவிட்டது. 1986-ல் பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சே நகரத்திலிருந்து கோகுமெலோ லேபிள் வெளியிட்ட 'வார்ஃபேர் நாய்ஸ்' இன்னொன்று. சகால், முட்டிலேட்டர், ஹோலோகாஸ்ட்டோ, சர்கோஃபாகோ. நார்வேயின் பிளாக் மெட்டல் பையன்கள் பிறகு தலையில் வைத்துக் கொண்டாடிய சர்கோஃபாகோ இசைத்தட்டில் ஏறிய முதல் பாட்டுகள் இதில் இருக்கின்றன, 'ஐ.என்.ஆர்.ஐ.' ஆல்பத்துக்கு ஓராண்டு முன்பே. ஒலித்தரம் சகிக்காது. எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

ஸ்வீடனின் 'ப்ரொஜெக்ஷன்ஸ் ஆஃப் எ ஸ்டெய்ண்ட் மைண்ட்' (1991) அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஸ்வீடிஷ் டெத் மெட்டல் படையே அணிவகுத்து நிற்கும் நடுவில் நார்வேயின் மேஹெம், 'ஃப்ரீஸிங் மூன்' பாட்டோடு. பாடுவது 'டெட்' என்ற புனைபெயர் கொண்ட பாடகர். அவர் அந்த ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். 1994-ல் வந்த மேஹெமின் முழு ஆல்பத்தில் அதே பாட்டை அட்டிலா சிஹார் பாடினார். டெட்டின் குரலில் ஸ்டுடியோவில் பதிவான அந்தப் பாட்டுக்கு வீடு என்றால் இந்தத் தொகுப்புதான்.

ட்ரிப்யூட் விஷயத்தில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ட்ரிப்யூட் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஒரு பெரிய பேண்டின் பெயர், அதன் எழுத்துரு, யாரும் கேள்விப்படாத பத்துப் பன்னிரண்டு பேண்டுகள், கையில் கிடைத்த ஓவியம், தீர்ந்தது வேலை. வாசித்தவர்களுக்கு அந்தப் பாட்டின் மேல் பாசமும் இருக்காது, கோபமும் இருக்காது. இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அதில் ஒன்றிரண்டு நல்ல பாட்டு இருந்தால் பெரும்பாலும் அந்த பேண்டின் சொந்த ஆல்பத்தில் போனஸாக வந்து சேர்ந்துவிடும். செல்டிக் ஃப்ராஸ்டுக்காக 1996-ல் வந்த 'இன் மெமரி ஆஃப் செல்டிக் ஃப்ராஸ்ட்' தொகுப்பில் ஓபெத் வாசித்த 'சர்க்கிள் ஆஃப் த டைரண்ட்ஸ்', ஐயர்ன் மெய்டன் ட்ரிப்யூட் ஒன்றில் அவர்கள் வாசித்த 'ரிமெம்பர் டுமாரோ' இரண்டும் பிறகு ஓபெத்தின் சொந்த ஆல்பமான 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' மறுவெளியீட்டில் ஏறிவிட்டன.

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது? ஒரு கூட்டம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ட்ரிப்யூட்டை. 1998-ல் மூன்ஃபாக் லேபிள், நார்வேயின் டார்க்த்ரோன் பேண்டுக்காக 'டார்க்த்ரோன் ஹோலி டார்க்த்ரோன்' என்று ஒன்று போட்டது. எட்டு பேண்டுகள், எல்லாம் நார்வே. மூன்ஃபாக், சாட்டிரிகான் பேண்டின் சாட்டிர் நடத்திய லேபிள். டார்க்த்ரோனின் ஆல்பங்களையும் அப்போது அவர்தான் வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஆக வாழ்த்துகிறவர், வாழ்த்தப்படுகிறவர், விற்கிறவர் எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். இதைச் சிலர் நையாண்டி செய்வார்கள். நான் யார் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்று பார்ப்பேன். சாட்டிரிகான், டார்க்த்ரோனின் பிளாக் மெட்டல் காலத்து 'கத்தாரியன் லைஃப் கோட்' எடுத்தது, அதில் ஆச்சரியமில்லை. எம்பரர் எடுத்ததோ 'க்ராம்லெக்'. அது 'சோல்சைட் ஜர்னி' ஆல்பத்தில் வருவது. டார்க்த்ரோன் டெத் மெட்டல் வாசித்து, அடுத்த ஆல்பத்திலேயே கைகழுவிவிட்ட காலத்தது. பிளாக் மெட்டலின் புனித நூல்களை விட்டுவிட்டு, அதற்கு முந்திய அத்தியாயத்தைப் போய் எடுத்திருக்கிறார்கள். ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல வேண்டியதை எம்பரர் தேர்விலேயே சொல்லிவிட்டது. பேண்ட் நன்றாக வாசித்ததா என்பது எனக்கு அடுத்த கேள்விதான்.

தலைப்பைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 1995-ல் நெக்ரோபோலிஸ் லேபிள் வெளியிட்ட 'நார்டிக் மெட்டல்' தொகுப்பின் உறையில், மேஹெமின் கிடார் கலைஞர் யூரோனிமஸுக்கான ட்ரிப்யூட் என்று போட்டிருக்கும். உள்ளே அவரவர் சொந்தப் பாட்டுதான். 1993-ல் கொலையான ஒருவரைச் சுற்றி நின்றவர்களின் வருகைப் பதிவேடு என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஃபேன்ஸைன். பழைய பேப்பர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எப்படிப்பட்ட பேப்பர் என்று ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தட்டச்சு செய்து, வெட்டி, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்தது. ஒட்டிய துண்டின் ஓரம் கறுப்புக் கோடாகத் தெரியும். போட்டோ மூன்று நான்கு முறை நகல் எடுக்கப்பட்டதால் முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும்தான் மிச்சம். பேட்டி முடிந்து மிஞ்சிய இடத்தில் யாரோ ஒரு பேண்டின் டெமோ (மாதிரிப் பதிவு) விளம்பரம், முழுத் தபால் முகவரியோடு. அந்த முகவரிதான் பக்கத்தின் உயிர். இணையம் இல்லாத காலத்தில் இந்த உலகமே தபாலில் ஓடியது. வெளிநாட்டுக்குக் காசோலை அனுப்ப முடியாத பையன்கள் ரூபாய் நோட்டோ டாலரோ எதுவானாலும் கார்பன் தாளில் சுற்றி உறைக்குள் ஒளித்து அனுப்புவார்கள். இல்லையென்றால் சர்வதேச பதில் கூப்பன். வாங்கியவர் தன் ஊர்த் தபால் நிலையத்தில் கொடுத்து ஸ்டாம்ப் ஆக்கிக்கொள்ளலாம். ஸ்டாம்பின் மேல் பசையோ சோப்போ தடவி அனுப்பி, "ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பவும்" என்று கடிதத்தின் கீழே எழுதுவார்கள். முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டலாம் இல்லையா. சட்டப்படி திருட்டுதான். ஆனால் அந்தத் திருட்டு இல்லாமல் பாதி பேண்டுகளின் பெயர் ஊர் தாண்டியிருக்காது.

அதனால் மறுபதிப்பு வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார்களா, இல்லை பேட்டியை மட்டும் புதிதாகக் கோத்து அழகாக அடுக்கியிருக்கிறார்களா? இரண்டாவது வகை வாசிக்கச் சுகம். ஆனால் விளம்பரம், முகவரி, நன்றிப் பட்டியல், பக்கத்து பேண்டைத் திட்டிய ஓரக் கிறுக்கல் எல்லாம் போயிருக்கும். விலை எவ்வளவு என்றாலும் முதல் வகையையே எடுங்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் எனக்கு அக்கறையில்லை. ஜெராக்ஸ் பத்திரிகைக்கு ஒரிஜினல் எது? எல்லாமே நகல்தானே.

இந்த விதிக்கு நானே விலக்கு வைத்திருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. நார்வேயின் 'ஸ்லேயர் மேக்' பத்திரிகையை யோன் கிறிஸ்டியன்சென், அதாவது மெட்டாலியன், 1985-ல் ஆரம்பித்து 2010 வரை நடத்தினார். அவருடைய இதழ்களின் பேட்டிகளும் அவருடைய சொந்தக் கதையும் சேர்ந்து 2011-ல் பாஸில்லியன் பாயிண்ட்ஸ் வெளியீடாக, எழுநூறு பக்கத்துக்கு மேல் போகும் தடிப் புத்தகமாக வந்தது. நண்பர்களில் ஒருவர் தற்கொலை, ஒருவர் கொலை, சிலர் சிறை. அந்த நடுவில் உட்கார்ந்து பத்திரிகை நடத்திய ஆள் பேசுகிறார். அந்தப் பின்னணிக் குரல் ஒரிஜினல் இதழ்களில் கிடைக்காது.

இனவெறிப் பேச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அச்சடிக்க வேண்டும், வெட்டக் கூடாது என்பது என் கட்சி. வெட்டினால் லாபம் அதைப் பேசியவருக்குத்தான்; நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சுலபமாக நழுவிவிடுவார். ஆனால் தேதியும், இன்றைய ஆசிரியரின் ஒரு குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். அதைத் துணிச்சல் என்று பின்னட்டையில் விளம்பரம் செய்யும் பதிப்பாளரை நான் தொடுவதில்லை. அந்த இனவெறிக் கொள்கைக்காகவே இன்றும் தொகுப்பு போட்டு விற்கும் லேபிள்கள் இருக்கின்றன. ஆவணம் என்ற பெயரில் அவர்களுக்கும் காசு போய்ச் சேர வேண்டியதில்லை. வாங்கும் முன் லேபிளின் மற்ற வெளியீடுகளைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கே ஆரம்பிப்பது? "எல்லாத் தொகுப்பும்" என்று பட்டியல் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், கடன்தான் மிஞ்சும். ஒரு ஊரைப் பிடியுங்கள், அல்லது ஒரு லேபிளை. எண்பதுகளின் பெலோ ஒரிசோன்ச்சே நல்ல ஆரம்பம். 'வார்ஃபேர் நாய்ஸ்' மறுவெளியீட்டில் சுலபமாகக் கிடைக்கிறது, அதில் உள்ள நான்கு பேண்டுகளில் எது உங்களை இழுக்கிறதோ அதன் பின்னால் போங்கள். மெட்டல் மாசகர் மாதிரிப் பல பதிப்பு வந்த தட்டை வாங்குவதென்றால், பணம் கொடுக்கும் முன் தட்டின் உள்விளிம்பில் கீறியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறை ஒரு பதிப்பு, உள்ளே வேறு பதிப்பு என்று விற்பவர்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

பத்திரப்படுத்துவதில் இரண்டு விஷயம். ஜெராக்ஸ் பக்கங்களை பி.வி.சி. உறையில் போடாதீர்கள், சில வருடத்தில் எழுத்து முழுக்கப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ராப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பாமல் மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சின்ன லேபிள்கள் வீட்டிலேயே எரித்து விற்ற சி.டி.-ஆர் தொகுப்புகள் ஏதாவது கையில் வந்தால், அலமாரியில் வைக்கும் முன் கணினியில் ஏற்றிவிடுங்கள். பாட்டு பதிவாகியிருக்கும் அந்தத் தட்டின் சாயம் எப்போது மங்கும் என்று சொல்ல முடியாது, அவற்றில் பல பாட்டு வேறெங்கும் கிடையாது.

அன்புடன்.